டா கின் மியாவின் ஆள்

1

அன்று வாசலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் ‘நானும்தான் இருந்தேன்’ என்று கிளம்பக் கூடாது. வீட்டில் குடியிருப்பவனும் என் சித்தப்பா மகனுமான வள்ளியப்பன். அவனுக்குச் சமையல் பார்க்கும் வேலம்மா. எங்கள் தெருவின் லூஜீ, அதாவது வட்டாரத் தலைவர், ஊ பா ஸோ. எதிர்ச்சாரியில் குடை பழுது பார்க்கும் முத்து முகம்மது. வெற்றிலைக் கடை மா ஏ. அப்புறம் நான், கண்ணப்பன். இவ்வளவுதான். இராமையா இல்லை. அவர் அன்று அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இருந்திருக்க வேண்டிய ஒருத்தி இல்லை. அவளைப் பற்றி எழுதுவதாக எனக்கு எண்ணமும் இல்லை.

இந்தக் கதை பிறந்தது கோயிலில். ஆடி வெள்ளி, பிரசாத வரிசை. எனக்கு முன்னால் நின்ற இராமையா திரும்பி, ஊருக்கே கேட்கிற ரகசியக் குரலில், “அண்ணே, வள்ளியப்ப அண்ணன் போலீஸ்ல சேந்துட்டாராமே? வயசான காலத்துல கின்ல குந்திச் சம்பளம் வாங்குறாராம்ல?” என்றார். கின் என்றால் காவல் முறை, பர்மியச் சொல். இங்கே எல்லாரும் அதைத்தான் சொல்கிறோம்.

கையில் தொன்னையோடு நின்றுகொண்டு குடும்ப விஷயத்துக்குப் பதில் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. “சர்க்கரைப் பொங்கல் கீழே சிந்துது, பாருங்க” என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்து தாளை எடுத்தேன். கோயில் ஆண்டுமலரில் இதுவரை புராணக் கதைகள்தான் எழுதியிருக்கிறேன். அவற்றில் வருகிறவர்கள் யாரும் எனக்குப் பங்காளி இல்லை. எழுதுவது சுலபமாக இருந்தது.

2

முதல் தொடக்கம் இப்படி:

‘ரங்கூன் போட்டாதாங்கில், ஸ்ட்ராண்டு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தேக்குக் கதவு போட்ட ஒரு மூலை வீட்டில், உடன்பிறந்தார் யாருமில்லாத வள்ளியப்பன் என்பவர் கண்ணியமாக—’

[நிறுத்திவிட்டேன். உடன்பிறந்தாள் உண்டு. பொய்யில் தொடங்கி ஒரு வதந்தியைத் திருத்த முடியாது.]

இரண்டாவது:

‘மானமுள்ள ஒரு குடும்பத்தில்—’

[இதுவும் கூடாது. மானம் என்று முதல் வரியிலேயே போட்டால், வாசிக்கிறவர் அது எங்கே போனது என்று தேட ஆரம்பித்துவிடுவார்.]

மூன்றாவது தொடக்கத்தில் மனிதர்களே வேண்டாம், சட்டத்திலிருந்து ஆரம்பிப்போம் என்று நினைத்தேன். சட்டத்துக்குத் தங்கை கிடையாது. அது நின்றது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

3

தொண்ணூற்று மூன்றில் மழை விட்டதும் புதிய உத்தரவு வந்தது. அதற்கு முன் கொஞ்சம் சொல்ல வேண்டும். எண்பத்தெட்டுக் கிளர்ச்சியில், தெருமுனைகளில் மூங்கில் வேலி கட்டி, ஊரை ஊரே காத்துக்கொண்ட நாட்களில், எங்கள் முனையிலும், வீட்டுக்கு நேர் எதிரே, ஒரு மூங்கில் கொட்டகை எழுந்தது. வேலி போன பிறகும் கொட்டகை போகவில்லை. அதில் ஒரு மூங்கில் மேடை, தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு ஒன்று, அதை அடிக்க ஒரு சுத்தியல். பிறகு பக்கத்தில் போலீஸ் சாவடியும் வந்தது.

உத்தரவு இதுதான்: சாவடியின் செலவும் அங்கிருக்கும் காவலர்களின் சாப்பாடும் இனி அந்த வட்டாரத்து வீட்டுச் சொந்தக்காரர்கள் பொறுப்பு. வாடகைக்கு இருப்பவர்களுக்கு இல்லை. சொந்தக்காரர் மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். மாதப் பங்கு கட்டலாம். அல்லது வீட்டின் முன்கூடத்தைச் சாவடிக்கு விட்டுவிடலாம். அல்லது வாரம் ஒரு முறை, சொந்தக்காரரோ அவருடைய ஆளோ கொட்டகையில் கின் உட்காரலாம். முறைக்கு யாரும் வராமல் போனால், வேறு பேச்சில்லை, முன்கூடம் சாவடிக்கு.

வள்ளியப்பன் வெள்ளைச் சட்டை போட்டு, மேல்துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு, பங்கு கட்டுவதற்காக ஊ பா ஸோவின் அலுவலகத்துக்குப் போனான். துணைக்கு நானும் போனேன். ஊ பா ஸோ எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்தவர். சின்ன வயதில் எங்கள் பையன்களோடு கோலி விளையாடியதில் தமிழ் வரும்.

“ஊ வள்ளி, ஒங்க பணத்த நான் தொட முடியாது” என்றார்.

“ஏன், நோட்டு அழுக்கா இருக்கா?”

“நோட்டு நல்லாத்தான் இருக்கு. காயிதத்துல வீட்டுக்காரர் நீங்க இல்ல.”

“பொறந்ததுலேர்ந்து அந்த வீட்ல இருக்கறவன் நான்.”

“இருக்கறவர்தான். வீட்டுக்காரர் டா கின் மியா.”

வள்ளியப்பன் மேல்துண்டை ஒருமுறை எடுத்து உதறி, மறுபடி அதே தோளில் போட்டான்.

[இந்த இடத்தில்தான் அவளை உள்ளே விட வேண்டியதாயிற்று. மனிதர்களே வேண்டாம் என்று சட்டத்திலிருந்து தொடங்கினேன். சட்டம் நேராகப் போய் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டது.]

4

டா கின் மியா வேறு யாருமில்லை. வள்ளியப்பனின் தங்கை அன்னபூரணி.

ரயில்வேயில் வேலை பார்த்த ஊ தெயின் என்ற பர்மியரைக் கட்டிக்கொண்டு, நகரின் வடகோடியில் இருக்கும் மிங்கலாடோனுக்குப் போனவள். போன அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது, எல்லாரும் சாப்பிட்டோம், யாரும் அழவில்லை. அவள் பெயரை மட்டும் சொல்லாமல் விட்டோம். பிறகு அறுபதுகளில் வட்டிக்கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, உறவுக்காரர்கள் கப்பல் கப்பலாய்க் காரைக்குடிப் பக்கம் போனார்கள், மனையும் வீடும் வெளிநாட்டார் பேரில் இருக்கக் கூடாது என்ற நிலையில் சித்தப்பா தவித்தார். குடும்பத்தில் குடியுரிமை அட்டை இருந்தது ஒருத்தியிடம்தான். பெயர் சொல்லாத அந்த ஒருத்தியின் பேருக்கே வீட்டை எழுதினார். தாளில் அவளுடைய பர்மியப் பெயர், கின் மியா. டா என்பது இங்கே பெண்களுக்குச் சேர்க்கும் மரியாதை, ஆண்களுக்கு ஊ.

அவள் ஒரு நாளும் வாடகை கேட்டதில்லை. வாசற்படி ஏறியதுமில்லை. தகப்பனார் இறந்தபோது தெருமுனை வரை வந்து நின்று, சவம் போனதும் திரும்பிவிட்டாள் என்று மா ஏ சொல்லக் கேட்டிருக்கிறேன். வள்ளியப்பன் அந்த வீட்டின் அதிபதியாகவே நடமாடினான். கட்டிக்கொள்ளாமலேயே இருந்துவிட்டதால் அவனை மறுத்துப் பேச அங்கே ஆளும் இல்லை.

ஊ பா ஸோ மிங்கலாடோனுக்குச் சொல்லி அனுப்பினார். அவள் வந்தாள். அப்போது அலுவலகத்தில் இருந்தவர் முத்து முகம்மது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“கூடத்தக் குடுத்துருங்க, டா கின் மியா. அப்புறம் ஒங்கள யாரும் எதுக்கும் கூப்பிட மாட்டாங்க” என்றாராம் ஊ பா ஸோ.

“கூடத்தக் குடுக்க மாட்டேன்.”

“அப்ப பங்கு கட்டுங்க. ஒங்க அண்ணன் பணத்தோட நிக்கறாரு. நீங்க ஒரு வார்த்த சரின்னா வாங்கிக்கறேன்.”

“அண்ணன் பேசித்தானே அந்தச் சரியக் கேக்கணும்? அவரு ஒங்கள விட்டுல்ல கேக்கறாரு. நான் கின் இருக்கேன்.”

முத்து முகம்மதுக்குப் பொறுக்கவில்லை. “அறுபது ஆகப் போவுது ஆச்சி, மிங்கலாடோன்லேர்ந்து லைன் கார்ல தொங்கிக்கிட்டு வரணும். என்னத்துக்கு இந்த வெயில்ல?”

“பகல் கின்தானே பாய். பாத்துக்கிட்டு இருக்கலாம்.”

“எத?”

அதற்குள் அவள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கிவிட்டாளாம்.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இந்தப் பாத்திரத்தை நம்பலாமா? கணவன் போய், பிள்ளைகள் தலையெடுத்து, நிம்மதியாக இருக்கிற பெண்பிள்ளை. ஒரு தலையசைப்பில் எல்லாம் முடிந்திருக்கும். புராணக் கதையில் இப்படி ஒருத்தி வந்தால், ‘அண்ணனைப் பழிவாங்க வந்தாள்’ என்று ஒரு வரி போட்டுவிட்டு மேலே போயிருப்பேன். போட்டும் பார்த்தேன்.

‘தன்னை ஒதுக்கிய வாசலுக்கு எதிரேயே உட்கார்ந்து, அண்ணனின் தலையைக் குனிய வைக்க—’

[எடுத்துவிட்டேன். நான் பார்த்தவரை, வியாழக்கிழமைகளில் அவள் குனிந்த தலையைத் தேடவில்லை. வேறொன்றைத் தேடினாள்.]

வியாழன்தான் அவள் முறை. நடுப்பகலிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை. லைன் காரிலிருந்து, அதாவது தட பஸ்ஸிலிருந்து, இறங்கி, கன்னத்தில் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய முகத்தோடு, லுங்கியை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையில் ஏறி உட்காருவாள். மணிக்கு ஒரு தரம் தண்டவாளத்தை அடிப்பாள். மற்ற நேரமெல்லாம் எங்கள் வீட்டுக் கதவின் மேல்பகுதியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அங்கே அரைவட்டமாக வண்ணக் கண்ணாடி பதித்திருக்கிறது. மேற்குப் பார்த்த வீடு. பிற்பகல் வெயில் ஏறும்போது, உள்ளே முன்கூடத்துத் தரையில் சிவப்பும் பச்சையும் நீலமும் விழும். வெயில் சாயச் சாய அந்த நிறங்கள் தரையில் நகர்ந்து, பெட்டகத்தின் மேல் ஏறி, சுவரில் கொஞ்ச நேரம் நின்று அணையும். சின்ன வயதில் அவள் பச்சையின் மேல் கால் வைத்து, அது நகர நகரத் தானும் நகர்ந்துகொண்டே பிற்பகல் முழுவதையும் கழிப்பாள். வள்ளியப்பன் சிவப்பு. நான் போகும் நாட்களில் எனக்கு நீலத்தைத் தள்ளிவிடுவார்கள். நீலம் சீக்கிரம் அணைந்துவிடும்.

கின் இருப்பவர்களுக்கு எதிர்வீட்டார் தேநீர் அனுப்புவது எங்கள் தெரு வழக்கம். எனவே வேலம்மா தூக்குச்சட்டியில் பாலில்லாத வறத்தேநீர் கொண்டுபோவாள். அப்போது நடக்கும் பேச்சு இது. மா ஏயின் கடைப் பலகையில் உட்கார்ந்து நானே கேட்டது.

“வேலம்மா, இப்ப பச்சை எங்க இருக்கு?”

“பெட்டகத்துக் கால்கிட்ட ஆச்சி.”

“ஏறிருச்சா?”

“இப்பத்தான் காலத் தூக்குது. நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லவா?”

“நீ எதுக்கு அலையற? வேற யாராச்சும் பாத்தாங்களா?”

“ஐயா அங்கதான் நாற்காலியப் போட்டு ஒக்காந்திருக்காக. இன்னிக்கு வியாழக்கெழமையில்ல. காலைலேர்ந்து ஒரே பேப்பரத்தான் படிக்கறாக. அதுவும் தலகீழா.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு உள்ளே கேட்டிருக்கும். கூடத்துக்கும் கொட்டகைக்கும் இடையே ஒரு தெருவின் அகலம்தான்.

(வேலம்மா மிகைப்படுத்துகிறாள். எங்கள் குடும்பத்தில் யாரும் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்ததில்லை.)

6

வள்ளியப்பனின் மனதுக்குள் போக எனக்கு என்ன உரிமை? பங்காளி என்ற உரிமையில் போகிறேன்.

அவனுக்கு அவளைக் கூப்பிட வேண்டும் என்றிருந்தது. புதன்கிழமை மாலையே கூடத்தைத் துடைக்கச் சொல்வான். கதவின் பித்தளைப் பிடியை அவனே எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ப்பான். வியாழன் நடுப்பகலில் லைன் கார் முனையில் நிற்கும் சத்தம் கேட்டதும் எழுந்து கதவு வரை வருவான். அங்கே நின்றுவிடுவான். எந்தப் பெயரால் கூப்பிடுவது? பெயர் நாவிலிருந்து போய் முப்பது வருஷத்துக்கு மேல். வாசலில் நின்று ‘இந்தா பாரு’ என்று கூப்பிட அவள் காய்கறிக்காரி இல்லை. தவிர, வீட்டுக்காரியை ‘உள்ளே வா’ என்று சொல்வதற்குக் குடியிருப்பவனுக்கு என்ன தகுதி? இது ஊ பா ஸோவின் அலுவலகத்தில் முளைத்த முள். உள்ளேயே இருந்தது.

அப்படியிருக்கும்போது பொங்கல் வந்தது.

எங்களில், கட்டிக்கொடுத்த தங்கைக்கு அண்ணன் பொங்கல் சீர் அனுப்ப வேண்டும். அரிசி, வெல்லம், பானை, கரும்பு, மஞ்சள் கொத்து. தாம்பாளத்தில் வைத்து, அண்ணன் கையால் கொடுக்க வேண்டும். அவள் போனதிலிருந்து அது நின்றுபோயிருந்தது. அந்த வருஷம் பொங்கலை ஒட்டியே ஒரு வியாழன். வள்ளியப்பன் ஒரு வழி கண்டுபிடித்தான். சீரைக் கொடுத்த மாதிரியும் இருக்க வேண்டும், கொடுக்காத மாதிரியும் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் தாம்பாளத்தில் வைத்து, வேலம்மாவிடம், “தேநீரோட இதையும் கொட்டகையில வச்சிட்டு வா” என்றான்.

“யாருக்குன்னு சொல்ல ஐயா?”

“கொட்டகைக்குன்னு சொல்லு.”

இப்படி ஒரு தவறை எங்களில் ஒருவன்தான் செய்ய முடியும். கொட்டகையின் விதி தெருவில் குழந்தைக்கும் தெரியும்: கின்னுக்கு வந்தது கின்னில் இருக்கிற எல்லாருக்கும். தேநீரானாலும் தேங்காயானாலும் பங்கு போட்டே ஆக வேண்டும்.

வேலம்மா தாம்பாளத்தை வைத்தாள். அன்னபூரணி அதை வெகு நேரம் பார்த்தாள். மஞ்சள் கொத்தைத் தொட்டாள்.

“இது யாருக்கு வேலம்மா?”

“கொட்டகைக்காம், ஆச்சி.”

“நல்லாக் கேட்டியா?”

“நல்லாக் கேட்டேன். ரெண்டு தரம் கேட்டா திட்டுவாக.”

ஊ பா ஸோ வந்துவிட்டார். “ஓ, கரும்பு! கின்னுக்கா?”

“கின்னுக்குத்தான்” என்றாள் அன்னபூரணி. அவளே பங்கு போட்டாள். கரும்பு ஊ பா ஸோவுக்கும் சாவடிக் காவலர்களுக்கும். அரிசியும் வெல்லமும் மா ஏக்கு. பானை முத்து முகம்மதுக்கு.

“எனக்கு எதுக்கு ஆச்சி பானை? குடையா வேக வைக்கப் போறேன்?”

“வெந்நி போடுங்க, பாய்.”

அந்தப் பானையில்தான் அவர் இன்றும் வெந்நீர் போடுகிறார். அதைக் கடக்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்க்கிறேன்.

வள்ளியப்பன் மாடிச் சன்னலிலிருந்து தன் தங்கையின் சீர் தெருவில் கை கையாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். மஞ்சள் கொத்து எங்கே போனது என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். லுங்கியின் மடிப்பில் போனது.

வெறும் தாம்பாளத்தைத் திருப்பி அனுப்பும் பழக்கமும் எங்களில் இல்லை. கொட்டகையில் தேநீரோடு கடித்துக்கொள்ள எப்போதும் பனைவெல்லக் கட்டிகள் இருக்கும். அவற்றில் இரண்டை எடுத்துத் தாம்பாளத்தின் நடுவில் வைத்து அனுப்பினாள். வேலம்மா அதைப் பெட்டகத்தின் மேல் வைத்தாள். விளக்கு வைக்கும்போது ஒன்றுதான் இருந்ததாம்.

(எறும்பு என்று நான் சொன்னேன். “எறும்பு தாம்பாளத்தக் கழுவியுமா வக்கும்?” என்று வேலம்மா கேட்டாள். சமையற்காரியோடு நான் வாதாடுவதில்லை.)

7

இனி அந்த நாள்.

மழை பிடித்துக்கொண்ட முதல் வாரம். வியாழன். நடுப்பகல் ஆயிற்று, லைன் கார் வந்து நின்றது, அவள் இறங்கவில்லை. அடுத்ததும் வந்தது. அதிலும் இல்லை. மேடையில் பாய் மட்டும் விரிந்திருந்தது. ஊ பா ஸோ குடையோடு வந்து நின்றார். நான் வள்ளியப்பனோடு வாசலில் இருந்தேன். முத்து முகம்மது தன் கடையை விட்டு இறங்கி வந்தார். மா ஏ வெற்றிலையைக் கூடையால் மூடிவிட்டு வந்தாள்.

“ஊ வள்ளி, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு” என்றார் ஊ பா ஸோ. “முறை காலியா இருக்கு. சாவடிக்காரங்க ஆறு மாசமா அந்தக் கூடத்தக் கேக்கறாங்க. மழ வேற. இன்னிக்கே பெஞ்சு மேசைய உள்ள போட்டுக்கறோம்னு நிக்கறாங்க.”

“அவ வருவா” என்றான் வள்ளியப்பன்.

“அவங்க ஆளாச்சும் ஒக்காரணும். வீட்டுக்காரர், இல்ல வீட்டுக்காரரோட ஆளு. வேற யாரையும் நான் எழுதிக்க முடியாது.”

குடும்பத்தின் மூத்தவன் என்ற முறையில் நான் முன்வந்தேன். மானத்தோடு ஒரு வழி இருந்தது. “வேலம்மா ஒக்காரட்டும்” என்றேன்.

“எனக்கென்ன, ஒக்காருறேன்” என்று அவள் முந்தானையைச் செருகினாள்.

“ஒக்காரலாம்” என்றார் ஊ பா ஸோ. “நீ யாரோட ஆளு?”

“நான் ஐயா ஆளு.”

“ஐயா யாரோட ஆளு?”

மழை தகரத்தில் விழும் சத்தம் கேட்டது. சாவடி வாசலில் இரண்டு காவலர்கள் ஒரு மேசையை ஆளுக்கொரு முனையில் தூக்கியபடி நின்றிருந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்கள் கூரை ஒழுகியது.

முத்து முகம்மது என் பக்கம் குனிந்து, “செட்டியாரே, ஒரு வார்த்ததானே” என்றார். அந்த வார்த்தை அவள் பெயர். அதைச் சொல்லாமல் காப்பாற்றியவர்களில் நானும் ஒருவன். அது விலையுயர்ந்த சாமான் என்றுதான் வைத்திருந்தோம்.

வள்ளியப்பன் திரும்பிக் கூடத்தைப் பார்த்தான். மழை நாளானதால் தரையில் எந்த நிறமும் இல்லை. பெட்டகம், நாற்காலி, மடித்து வைத்த செய்தித்தாள். அந்தப் பெட்டகம் நகர்ந்து அங்கே ஒரு பெஞ்சு வந்தால், அடுத்த வியாழன் அவள் வந்து ‘பச்சை எங்க இருக்கு’ என்று கேட்கும்போது வேலம்மா என்ன சொல்வாள்? அவன் மனதில் ஓடியது அதுதான் என்று எழுதுகிறேன். வேறாக இருந்திருந்தால் அவன் வந்து மறுக்கட்டும்.

செருப்பைப் படியிலேயே கழற்றிப் போட்டான். மேல்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டான். குடையில்லாமல் தெருவைக் கடந்தான். முழங்கால் ஒத்துழைக்காததால் மேடையில் ஏற இரண்டு தரம் முயல வேண்டியிருந்தது. மா ஏ கை கொடுக்கப் போனாள். வேண்டாம் என்று தலையசைத்தான். பாயில் உட்கார்ந்து, முதுகை நேராக்கிக்கொண்டு, ஊ பா ஸோவைப் பார்த்துப் பர்மியத்தில், தெரு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னான்:

“நான் டா கின் மியாவோட ஆளு. எழுதிக்குங்க.”

எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லாத பெயர். அவள் தானாக வைத்துக்கொண்ட பெயர். அதை அவன் சரியான உச்சரிப்போடு சொன்னான். யாருமில்லாத நேரத்தில் சொல்லிப் பார்த்திருக்கிறவன்தான் அப்படிச் சொல்ல முடியும்.

ஊ பா ஸோ எழுதிக்கொண்டார். காவலர்கள் மேசையைக் கீழே வைத்தார்கள். மணியாகிவிட்டது. வள்ளியப்பன் சுத்தியலை எடுத்துத் தண்டவாளத்தில் அடித்தான். முதல் அடி வழுக்கிவிட்டது.

“பலமா, ஐயா!” என்றாள் வேலம்மா. “ஆச்சி அடிச்சா ஆத்தங்கரை ஜெட்டி வரைக்கும் கேக்கும்.”

“வாய மூடிக்கிட்டு தேத்தண்ணி கொண்டா.”

“யாருக்குன்னு கொண்டார?”

“கொட்டகைக்கு” என்றான். அப்போது அவன் சிரித்ததை நான் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் மழை விட்டு வெயில் அடித்தது. வள்ளியப்பன் எங்கள் கதவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைக் கூப்பிட்டான்.

“அண்ணே, இங்க வாங்க. அந்தக் கண்ணாடியப் பாருங்க.”

பார்த்தேன். இத்தனை வருஷமும் அந்த வீட்டை உள்ளிருந்தோ, நுழையும் அவசரத்திலோதான் பார்த்திருக்கிறோம். தெருவின் இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததில்லை. இங்கிருந்து அதில் சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை. வெயில் நேராக விழும்போதும் அரைவட்டமாக வெறும் கறுப்பு. நிறமெல்லாம் உள்ளே நிற்பவர்களுக்குத்தான்.

“இதையா அவ வாரா வாரம் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா” என்றான் வள்ளியப்பன்.

8

கதை இங்கே முடிந்திருக்கலாம். முடித்துவிட்டால் ‘அவள் ஏன் வரவில்லை’ என்று கேட்பீர்கள்.

ஒரு முடிவு எழுதினேன்: மிங்கலாடோனிலிருந்து ஒரு பையன் வந்து செய்தி சொல்கிறான், அவள் முந்தின நாளே—

[கிழித்துவிட்டேன். அழ வைப்பதற்காக எங்கள் வீட்டுப் பெண்ணைக் கொல்ல மாட்டேன். அவளை ஒருமுறை இல்லாதவளாக ஆக்கியது போதும்.]

இன்னொன்று: வள்ளியப்பன் விளக்கு வைத்ததும் லைன் கார் ஏறி அவளைத் தேடிப் போகிறான். ஆனால் கின் இருப்பவன் முறை முடியும் முன் எழக் கூடாது. முடிந்த பின் அந்தத் தடத்தில் வண்டி கிடையாது. வாடகைக் காரில் போயிருக்கலாமே என்பீர்கள். போயிருக்கலாம். நான் அதை எழுதிப் பார்த்தேன். வாசலில் நின்று இரண்டு பேரும் பேசும் பேச்சு எனக்கு வரவில்லை. இந்தக் குடும்பத்தில் அந்தப் பேச்சை நான் கேட்டதில்லை.

மூன்றாவது: அவள் வருகிறாள், அண்ணன் எழுந்து நிற்கிறான், இருவரும் தெருவைக் கடந்து படியேறுகிறார்கள், பச்சை பெட்டகத்தின் மேல் இருக்கிறது. இது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருக்கிறது என்பதாலேயே இதை நம்பப் பயமாக இருக்கிறது.

நடந்ததாக என்னால் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வேலம்மா இரண்டாவது தடவையாகத் தேநீர் கொண்டு வந்தாள். தெருமுனையில் ஒரு லைன் கார் வந்து நின்றது. மழையில் வழியெல்லாம் தண்ணீர் தேங்கி வண்டிகள் தாமதம் என்று இறங்கியவர்கள் பேசிக்கொண்டார்கள். கடைசியாக யாரோ ஒருவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக இறங்குவது தெரிந்தது. முகத்துக்கு முன்னால் குடை.

வள்ளியப்பன் மேடையில் கொஞ்சம் நகர்ந்து, பாயில் பக்கத்தில் இடம் விட்டான். தேநீர்க் கோப்பையை அந்த இடத்துக்கு முன்னால் தள்ளி வைத்தான். பிறகு திரும்பிப் பார்க்காமலே, “வேலம்மா, ஓடிப் போய்ப் பாத்துட்டு வா. பச்சை எங்க இருக்கு?” என்றான்.

நான் அப்போது கிளம்பிவிட்டேன். இப்போது என் வீடு நகரின் மறுகோடியில், க்யிம்யிண்டைங்கில், போக நேரமாகும். அதுவும் தவிர, அண்ணன் தங்கைக்கு நடுவில் மூன்றாவது ஆள் நிற்கக் கூடாது. குடைக்குக் கீழே இருந்தது யார் என்று வேலம்மாவிடமும் கேட்கவில்லை, முத்து முகம்மதிடமும் கேட்கவில்லை. உங்களுக்கு யாரைப் பார்க்க வேண்டுமோ, நீங்கள் குடையை விலக்கிக்கொள்ளுங்கள்.

9

மீதியுள்ளது இராமையாவின் பேச்சு.

வள்ளியப்பன் போலீசில் சேரவில்லை. அவன் யாரிடமும் சம்பளம் வாங்கவில்லை. வியாழக்கிழமைகளில் அவன் கொட்டகையில் உட்கார்ந்திருப்பது உண்மை. அது அவன் தங்கை அன்னபூரணியின் முறை.